நூல் முறியாத இடம்

யேசுராசாவின் எஞ்சின் நேற்றுப் பின்னேரம்
கழன்று விழுந்தது.
பதினைந்து குதிரை வலு. சங்கக் கடன்
இன்னும் ஒன்பது மாதம் கிடக்கிறது.

விழுந்த கையோடு குறி எடுத்திருக்கிறான்:
வடக்கே, யாகப்பர் கோயில் கோபுரம்
தண்ணீர்த் தாங்கியின் இடது தோளில் முட்டும்.
மேற்கே, மண்டைதீவு டவருக்கு நேர் முன்னால்
ஒற்றைப் பனை.
இரண்டு கோடும் வெட்டுகிற இடம்.
"பிசகாது" என்றான். "கண்ணை மூடிக்கொண்டு போகலாம்."

நாங்கள் போனது மத்தியானம்.
சோளகம் செத்துக் கிடந்தது. கடலுக்கு மேலே வெயில் நெளிந்தது.
மண்டைதீவு தண்ணீரை விட்டு ஒரு முழம் எழும்பி நின்றது,
படுத்திருந்தவனை யாரோ
பாயோடு தூக்கினது மாதிரி.
டவருக்குக் கால்கள் இல்லை.
ஒற்றைப் பனை இரண்டானது,
பிறகு ஒன்று, பிறகு தலைகீழாய் ஒன்று.
"எந்தப் பனை?" என்று கேட்டேன்.
யேசுராசா வாயிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்தான்,
பதில் அதில் எழுதியிருக்கிறது போல.

அவனுடைய மச்சாள் எமில்டா,
எஞ்சினில் பாதிக் காசு அவளுடையது,
கண்ணாடிப் பெட்டியைத் தண்ணீரில் அமர்த்திக் குனிந்தாள்.
"இஞ்ச கறுப்பாய் ஒண்டு."
அணியத்தில் நின்று நானும் கண்டேன், அதே கறுப்பை.
அவள் விரல் ஒரு பக்கம், என் விரல் ஒரு பக்கம்,
நடுவில் ஒரு வள்ளத்தை விடலாம்.

நான் அட்டை பிடிக்கிறவன். பதினாறு வருஷம்.
மேலிருந்து பார்க்க, நாலு முழ ஆழம் மூன்று முழமாய் வரும்.
முகக்கண்ணாடியோடு உள்ளே போனால்
எல்லாம் கிட்ட வரும், கொழுத்துத் தெரியும்.
கையை நீட்டு, தண்ணீரைத்தான் பிடிப்பாய்.
இன்னும் ஒரு சாண்.
எப்போதும் இன்னும் ஒரு சாண்.
மண்டா எறிகிறவன் மீனுக்கு எறிவதில்லை,
மீனுக்குக் கீழே, வெறும் தண்ணீருக்கு எறிவான்.
வெறும் தண்ணீர் துடிக்கும்.

எமில்டா ஈயக்குண்டை நூலில் கட்டி இறக்கினாள்.
சாய்ந்து பார்த்தால் நூல்
தண்ணீர் தொடும் இடத்தில் முறிந்து நிற்கிறது,
கட்டுப் போடாத கை மாதிரி.
"தாங்கு. இன்னும் கொஞ்சம். பின்னால, பின்னால."
யேசுராசா மரக்கோலை ஊன்றி ஊன்றித் தள்ளினான்.
அவள் நேர் மேலே வந்தபோது
முறிவு பொருந்திற்று.
கறுப்பின் மேல் குண்டு உட்கார்ந்தது.
"இனி இறங்கு. ஆழத்தை மட்டும் நம்பாதை."

நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
இரண்டு பாகம். காது இறுகியது.
கறுப்பு என்னிடம் பெரிதாய் வந்தது, வந்தது,
வந்து ஒரு லொறி டயர் ஆனது.
உள்ளே ஒரு நண்டு, வீட்டுக்காரன் மாதிரி.

மூச்சு முடிகிறது. திரும்பக் காலை உதைத்தேன்.
பெருவிரல் இரும்பில் அடிபட்டது.
சாதாளைக்குள், பச்சைக்குள் பச்சையாய்,
மூன்று பேர் ஆறு கண்ணும் காணாத எஞ்சின்.
நகம் பெயர்ந்தது. அவ்வளவு நோ
பொய்யான இடத்தில் வராது.

கயிற்றை மாட்டிவிட்டு அண்ணாந்தேன்.
மேலே ஒரு வட்டம். அதற்குள்
முழு வானமும் வள்ளமும் கரையும் கோபுரமும்
ஒரு தட்டில் அடைத்த மாதிரி வளைந்து கிடந்தன.
வட்டத்தின் ஓரத்தில் யேசுராசாவின் முகம்,
உடைந்து, கூடி, உடைந்து,
என்னவோ கேட்டபடி.
அவன் கையைத் தண்ணீருக்குள் விட்டான்.
நான் பிடித்தேன். அது அங்கே இல்லை.
அவனும் பிடித்தான். நானும் அங்கே இல்லை.

மூன்றாந்தரம்
மணிக்கட்டு மணிக்கட்டில் மோதியது.

"எங்க கிடந்தது?"
துப்பிவிட்டு, கையால் காட்டப் போனேன்.
பிறகு கையை இறக்கிவிட்டேன்.
"இழு" என்றேன். "உப்புக் காயமுதல் நல்ல தண்ணீ ஊத்தவேணும்."